ஓட்டை எண்ணுவது துணை குடியரசுத் தலைவரா? 1969-ல் வி.வி.கிரி ஜெயித்த கதை

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஒருவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு போட முடியுமா? நேரடியாக முடியாது. ஆனா, அவர் போடும் ஓட்டு சுற்றி வளைத்து டெல்லி வரைக்கும் போகும்.

எப்படி? ஒகேனக்கல், பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த பென்னாகரம் எம்.எல்.ஏ.வும், தருமபுரி எம்.பி.யும்தான் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு போடுவார்கள். 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. எம்.பி. ஒருவரின் ஓட்டு மதிப்பு 700. எம்.எல்.ஏ.க்கள் சென்னையில் போட்ட சீட்டுகள் பெட்டியில் சீல் வைக்கப்பட்டு, விமானத்தில் தனி சீட் போட்டு டெல்லிக்குக் கொண்டு போகப்பட்டன.

சரி, டெல்லியில் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணுவது யார்?

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. அமெரிக்காவில் மாநிலங்கள் அனுப்பும் தேர்தல் குழு ஓட்டுச் சான்றிதழ்களைத் திறப்பது அந்த நாட்டின் துணை அதிபர். நம்ம ஊரிலும் துணை குடியரசுத் தலைவர் இருக்கிறார். அங்கே துணை அதிபர் செனட் சபைக்குத் தலைவர். இங்கே துணை குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்குத் தலைவர். அப்போ இங்கேயும் அவர்தான் எண்ணுவாரா? அவரே வேட்பாளராக நின்றால் என்ன ஆகும்?

அந்தச் சோதனை இந்தியாவுக்கு 1969-ல் வந்தது. அதன் நடுவில் நின்றவர் வி.வி.கிரி.

யார் இந்த வி.வி.கிரி?

வராககிரி வெங்கட கிரி. 1894 ஆகஸ்ட் 10-ம் தேதி பெர்ஹாம்பூரில் பிறந்தவர். இன்று அது ஒடிசா. அன்றைக்கு சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டம். தெலுங்கு பேசும் குடும்பம், அப்பா வக்கீல்.

1913-ல் சட்டம் படிக்க அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போனார். அயர்லாந்தும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கே நடந்த விடுதலைப் போராட்டம் கிரியை இழுத்தது. 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்ததும் போலீஸ் பார்வை இந்திய மாணவர்கள் பக்கமும் திரும்பியது. நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். கிரி ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து வக்கீல் தொழில் பார்த்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அதை விட்டார். பிறகு அவர் கையில் எடுத்தது தொழிற்சங்கம். பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டினார். அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆனார். ஏ.ஐ.டி.யு.சி. தலைவராக இரண்டு முறை இருந்தார். 1931-ல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார்.

தமிழ்நாட்டோடு என்ன தொடர்பு?

நிறையவே இருக்கிறது. 1937 சென்னை மாகாணத் தேர்தலில் கிரி போட்டியிட்டது பொப்பிலி தொகுதியில். எதிரில் நின்றது நீதிக்கட்சித் தலைவரும் மாகாணத்தின் பிரதமராக இருந்தவருமான பொப்பிலி ராஜா. ராஜாவை அவரது சொந்தக் கோட்டையிலேயே கிரி தோற்கடித்தார். ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது வேலூர் சிறையிலும் இருந்தார்.

சுதந்திரம் வந்ததும் 1947-ல் அவரை இலங்கைக்கு இந்தியத் தூதராக, அதாவது ஹைகமிஷனராக அனுப்பினார்கள். 1951 வரை அங்கே இருந்தார். மலையகத் தமிழர்களின் குடியுரிமையும், அதோடு சேர்ந்து ஓட்டுரிமையும் பறிபோனது அந்தக் காலத்தில்தான். 1948, 1949 சட்டங்களால் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டு என்பது சட்டத்தில் ஒரு வரியை மாற்றினால் காணாமல் போகக்கூடிய விஷயம் என்பதை கிரி பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

1952-ல் எம்.பி. ஆகி, நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் ஆனார். 1954-ல் வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்த சம்பளத் தீர்ப்பை மத்திய அரசு மாற்றியது. அதை ஏற்க முடியாது என்று அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். இந்த ராஜினாமாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 15 வருடம் கழித்து வங்கிகள் மறுபடியும் இந்தக் கதைக்குள் வரும்.

ஓட்டு எண்ணிக்கையில் தோற்ற கிரி

1957 மக்களவைத் தேர்தல். ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் கிரி நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. அதாவது ஒரே தொகுதிக்கு 2 எம்.பி.க்கள். ஒரு இடம் பழங்குடியினருக்கு, இன்னொன்று பொது.

கிரி தனக்குத்தான் பொது இடம் என்று எதிர்பார்த்தார். ஆனா எண்ணிக்கை வேறு மாதிரி போனது. முதலிடம் பிடித்த பழங்குடி வேட்பாளருக்கு ஒதுக்கீட்டு இடம் போனது. அடுத்த இடத்திலும் ஒரு பழங்குடி வேட்பாளர்தான் வந்தார். டிப்பல சூரி தோரா. மீதமிருந்தவர்களில் அவருக்கே ஓட்டு அதிகம் என்பதால் பொது இடம் அவருக்குப் போனது. கிரி நூலிழையில் தோற்றார்.

பொது இடத்தை இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டு கிரி நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1959-ல் தீர்ப்பு கிரிக்கு எதிராக வந்தது. பழங்குடி வேட்பாளர் அதிக ஓட்டு வாங்கினால் பொது இடத்திலும் ஜெயிக்கலாம் என்று ஆனது. முன்னாள் மத்திய அமைச்சராக இருந்தாலும் எண்ணிக்கை விதி ஒன்றுதான்.

அதன் பிறகு கிரி உத்தரப் பிரதேசம், கேரளா, மைசூரு என 3 மாநிலங்களுக்கு ஆளுநராக இருந்தார். 1965 முதல் 1967 வரை மைசூரு. ஒகேனக்கல்லில் இருந்து பார்த்தால் காவிரியின் அக்கரை அந்த மாநிலம்தான். 1967 மே மாதம் துணை குடியரசுத் தலைவர் தேர்தலில் பேராசிரியர் முகமது ஹபீப்பை 483-க்கு 293 என்ற கணக்கில் தோற்கடித்தார்.

1969 மே 3: ஒரே நாளில் மாறிய நிலைமை

1969 மே 3-ம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். பதவியில் இருக்கும்போதே ஒரு குடியரசுத் தலைவர் இறந்தது அதுதான் முதல் முறை. அரசியலமைப்புச் சட்டப்படி துணை குடியரசுத் தலைவர் கிரி அன்றே பொறுப்பு குடியரசுத் தலைவர் ஆனார்.

அடுத்த குடியரசுத் தலைவர் யார்? இதில்தான் காங்கிரஸ் இரண்டாக நின்றது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி. இன்னொரு பக்கம் சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர்கள். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, நம்ம காமராஜர் எல்லாம் அந்தப் பக்கம். ஜூலையில் பெங்களூருவில் கூடிய காங்கிரஸ், மக்களவை சபாநாயகர் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது. இந்திராவுக்கு அதில் விருப்பம் இல்லை. ஆனாலும் ரெட்டியின் வேட்புமனுவில் அவரே முன்மொழிந்து கையெழுத்து போட்டார்.

கிரி என்ன செய்தார்? கட்சி வேண்டாம், சுயேச்சையாக நிற்கிறேன் என்று களத்தில் இறங்கிவிட்டார்.

இங்கேதான் சிக்கல். நாட்டின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, அதே நாற்காலிக்கு ஒருவர் போட்டியிடலாமா?

சட்டம் தடுக்கவில்லை. குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 58-வது பிரிவு சொல்கிறது. ஆனா குடியரசுத் தலைவர், துணை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் பதவிகளுக்கு அதே பிரிவு விலக்கு கொடுக்கிறது. கிரி விரும்பியிருந்தால் பதவியில் இருந்துகொண்டே நின்றிருக்கலாம். அவர் 1969 ஜூலை 20-ம் தேதி ராஜினாமா செய்தார்.

ராஜினாமாவுக்கு ஒரு நாள் முன்பு

ஆனா கதை அவ்வளவு சுத்தமாக இல்லை. ஜூலை 19-ம் தேதி, அதாவது ராஜினாமாவுக்கு முந்தைய நாள், 14 பெரிய தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கும் அவசரச் சட்டத்தில் பொறுப்பு குடியரசுத் தலைவராக கிரி கையெழுத்து போட்டார். இந்திராவின் அரசியல் வாழ்க்கையையே தூக்கி நிறுத்திய முடிவு அது. 1954-ல் வங்கி ஊழியர்களுக்காகப் பதவியை விட்டவர், 1969-ல் வங்கிகளை அரசுக்குக் கொண்டுவந்த கையெழுத்தோடு பதவியை விட்டார்.

எதிர்த்தரப்புக்கு இது உறுத்தியதில் ஆச்சரியம் இல்லை. பிரதமருக்கு வேண்டிய கையெழுத்தைப் போட்டுவிட்டு அவரது ஆதரவோடு தேர்தலில் நிற்கிறார் என்ற விமர்சனம் கடைசி வரை கிரியைத் தொடர்ந்தது.

கிரி விலகியதும் குடியரசுத் தலைவரும் இல்லை, துணையும் இல்லை. அப்போ நாட்டுக்கு யார் தலைவர்? இப்படி ஒரு நிலைமை வரலாம் என்று 1969 மே மாதமே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. இரண்டு பதவியும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பொறுப்பேற்பார். அதன்படி தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா பொறுப்பு குடியரசுத் தலைவர் ஆனார். ஆகஸ்ட் 24 வரை அவர்தான்.

இதில் ஒரு சுவாரசியம். ஜூலை 31-ம் தேதி அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தார். அவரை நாட்டின் தலைவராக வரவேற்றது ஹிதாயத்துல்லா. இதே நிக்சன் 1960-ல் அதிபர் தேர்தலில் கென்னடியிடம் தோற்றவர். அப்போது அவர் துணை அதிபர். அதனால் 1961 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தன் தோல்வியைத் தானே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2001-ல் அல் கோருக்கும், 2025-ல் கமலா ஹாரிசுக்கும் அதே நிலைமைதான்.

அப்போ இந்தியாவில் எண்ணுவது யார்?

துணை குடியரசுத் தலைவர் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலை நடத்துவது தேர்தல் ஆணையம். மக்களவை அல்லது மாநிலங்களவையின் பொதுச் செயலாளரை ஆணையம் தேர்தல் நடத்தும் அதிகாரியாக நியமிக்கும். இந்த முறை மக்களவை என்றால் அடுத்த முறை மாநிலங்களவை. எண்ணுவதும் முடிவை அறிவிப்பதும் அந்த அதிகாரியின் வேலை. முடிவில் தகராறு என்றால், 71-வது பிரிவின்படி அதைத் தீர்ப்பது உச்ச நீதிமன்றம்.

இன்னொரு விஷயம். துணை குடியரசுத் தலைவருக்கு இந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. அவர் மாநிலங்களவையின் தலைவர்தான், உறுப்பினர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

ஆகஸ்ட் 20: இரண்டாவது சுற்றுக்குப் போன ஒரே தேர்தல்

1969 ஆகஸ்ட் 16-ம் தேதி வாக்குப்பதிவு. களத்தில் 15 பேர். நிஜமான போட்டி 3 பேருக்கு இடையில். கிரி, சஞ்சீவ ரெட்டி, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி.டி.தேஷ்முக்.

சென்னை மாநிலம் என்ற பெயர் தமிழ்நாடு என்று மாறி 7 மாதம்தான் ஆகியிருந்தது. முதல்வர் கருணாநிதியின் தி.மு.க. கிரி பக்கம். காமராஜர் ரெட்டி பக்கம். ராஜாஜியின் சுதந்திரா கட்சி தேஷ்முக் பக்கம். அதாவது 1937-ல் கிரியை அமைச்சராக வைத்திருந்த ராஜாஜியின் கட்சி, இப்போது அவருக்கு எதிரே நின்றது. ராஜாஜி பிறந்த ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியும் அன்றைக்கு தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

காங்கிரஸ்காரர்கள் மனசாட்சிப்படி ஓட்டு போடலாம் என்று இந்திரா சொல்லிவிட்டார். கட்சி வேட்பாளருக்கே ஓட்டு போட வேண்டும் என்ற கட்டாயம் போனது.

ஆகஸ்ட் 20-ம் தேதி எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகள் இப்படி இருந்தன:

வி.வி.கிரி: 4,01,515
சஞ்சீவ ரெட்டி: 3,13,548
சி.டி.தேஷ்முக்: 1,12,769

கிரி முன்னிலை. ஆனா ஜெயிக்கவில்லை! ஏன்? இந்தத் தேர்தலில் அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. செல்லுபடியான ஓட்டு மதிப்பில் பாதிக்கு மேல் வேண்டும். மொத்தம் 8,36,337. தேவை 4,18,169. கிரிக்கு 16,654 குறைந்தது.

அதனால் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணினார்கள். ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று வரிசை போடுவார்கள். குறைந்த ஓட்டு வாங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள். தேஷ்முக்கின் சீட்டுகள் பிரிந்தபோது பெரும்பகுதி ரெட்டிக்குத்தான் போனது. இப்படி ரெட்டிக்குக் கூடியது 91,879. கிரிக்குக் கூடியது 18,562 மட்டும்.

இறுதி முடிவு: கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

அன்றைக்கு ஒரு எம்.பி. ஓட்டின் மதிப்பு 576. கணக்குப் போட்டால், வெறும் 13 எம்.பி.க்கள் கிரியிடம் இருந்து ரெட்டி பக்கம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையில், எண்ணும் மேசைக்குத் தலைமை தாங்குபவரே வேட்பாளராகவும் இருந்திருந்தால் அந்த முடிவை யாராவது நம்பியிருப்பார்களா? குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டாம் விருப்ப வாக்குக்குப் போய் முடிவானது இதுவரை அந்த ஒரு முறைதான்.

சாட்சிக் கூண்டில் குடியரசுத் தலைவர்

ஆகஸ்ட் 24-ம் தேதி கிரி பதவியேற்றார். ஆனா பிரச்சினை முடியவில்லை. தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. ரெட்டியைக் கேவலப்படுத்தும் மொட்டைத் துண்டறிக்கை நாடாளுமன்றத்தில் எம்.பி.க்களிடம் சுற்றியது, வாக்காளர்களைத் தவறான வழியில் வளைத்தார்கள் என்பவை முக்கியப் புகார்கள்.

1970-ல் விசாரணை நடந்தது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் கிரி, உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். இந்தியாவில் அதற்கு முன் எந்தக் குடியரசுத் தலைவரும் அப்படி வந்ததில்லை. மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1959-ல் மனு போட்டுத் தோற்ற அதே நீதிமன்றத்தில், இந்த முறை அவர் எதிர்மனுதாரராக நின்று ஜெயித்தார்.

அந்தத் தேர்தல் காங்கிரசையும் உடைத்தது. 1969 நவம்பரில் இந்திரா கட்சியில் இருந்து நீக்கப்பட்டார். கட்சி இரண்டானது. காமராஜர் பழைய காங்கிரசிலேயே நின்றார்.

தேர்தல் விதிகளும் மாறின. யார் வேண்டுமானாலும் மனு போடும் நிலையை 1974 சட்டத் திருத்தம் நிறுத்தியது. வேட்பாளரை 10 பேர் முன்மொழிய, 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று வந்தது. இன்று அது 50, 50. டெபாசிட் 15,000 ரூபாய். முடிவை எதிர்த்து வழக்குப் போட வேண்டுமானால் வேட்பாளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாக்காளர்கள் 20 பேராவது சேர வேண்டும்.

கிரியின் கடைசி வருடங்கள்

குடியரசுத் தலைவராக கிரி 1974 வரை இருந்தார். இந்திரா அரசு சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்ற விமர்சனம் அவர் மீது உண்டு. 1974 மே மாதம் நாடே ஸ்தம்பித்த ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கான ரயில்வே ஊழியர்கள் கைதானார்கள். அந்த ஊழியர்களின் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். அவர் வாழ்க்கையின் பெரிய முரண் இதுதான்.

1975-ல் அவருக்கு பாரத ரத்னா கொடுக்கப்பட்டது. 1980 ஜூனில் சென்னையில் காலமானார். நொய்டாவில் உள்ள தேசிய தொழிலாளர் நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்தான். 1969-ல் தோற்ற சஞ்சீவ ரெட்டி, 1977-ல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

2021 ஜனவரி 6-ம் தேதி அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்தோம். சில மாநிலங்களின் ஓட்டுகளை ஏற்க வேண்டாம் என்று துணை அதிபர் மைக் பென்ஸுக்கு அதிபர் டிரம்ப் அழுத்தம் கொடுத்தார். பென்ஸ் மறுத்தார். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. துணை அதிபரின் வேலை சடங்கு போன்றதுதான், ஓட்டைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று 2022-ல் தனியாகச் சட்டம் போட்டுத் தெளிவுபடுத்தினார்கள்.

இந்தியாவில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் முதலிலேயே வேலையைப் பிரித்துவிட்டார்கள். நடத்துவது ஆணையம், எண்ணுவது அதிகாரி, தகராறைத் தீர்ப்பது நீதிமன்றம். இதுவரை 6 துணை குடியரசுத் தலைவர்கள் பிறகு குடியரசுத் தலைவர் ஆகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர்.வெங்கட்ராமனும் அதில் ஒருவர். 2007-ல் துணை குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே நின்ற பைரோன் சிங் செகாவத், பிரதிபா பாட்டிலிடம் தோற்றார். யாருடைய கைக்கும் ஓட்டுப் பெட்டியின் சாவி போகவில்லை.

கிரி எல்லா விஷயத்திலும் சரியாக நடந்தாரா என்பதில் இன்றும் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனா அவரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் 1969-ல் ஒரே எண்ணிக்கையை ஏற்றுக்கொள்ள முடிந்தது. காரணம், அதை எண்ணியவர் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை.